மிட்ஜெற்றின் முன் சஸ்பென்சன் கிற்: வன்னி றோட்டில் எது தாங்கியது?

பழைய எம்.ஜி. மிட்ஜெற், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சின்ன ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்களுக்கென்று இங்கிலாந்தில் சில கடைகள் ‘முழு முன் சஸ்பென்சன் கிற்’ என்று ஒரு பெட்டி விற்கின்றன. கிங் பின்னில் தொடங்கிக் கொயில் ஸ்பிரிங், புஷ், நற், வொஷர் வரை எல்லாம் ஒரே விலைக்குள் வந்துவிடும். நான் வாங்கிப் பூட்டி ஒரு மாரியும் ஒரு கோடையும் ஓட்டியாயிற்று. பெட்டியில் பாதிச் சாமான் கொடுத்த காசுக்குப் பெறுமதி, மற்றப் பாதி வீண். ஆகவே முழுக் கிற் வாங்காதீர்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்குங்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று இங்கே யாரும் தமிழில் எழுதிக் காணவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னுடையது 1967ஆம் ஆண்டு வண்டி, மாக் 3, 1275 சீசீ. மலையகத்தில் ஒரு தோட்டத்துத் துரை வைத்திருந்து, பிறகு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எனக்கு மாங்குளத்தில் நெல் ஆலை. கார் நிற்பது உமிக் கொட்டிலுக்குப் பக்கத்தில். ஏ9 வீதியில் மட்டும் ஓடுவதென்றால் எந்தச் சஸ்பென்சனும் போதும், கார்ப்பெற் றோட்டு. கிளிநொச்சிக்குப் போய் வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு வரலாம், தேநீர் கூடச் சிந்தாது. ஆனால் நான் நெல்லுப் பார்க்கப் போவது வாய்க்கால் கரைகளிலும் குளக்கட்டு றோட்டுகளிலும். கிரவலில் வரிவரியாக அலை எழும்பியிருக்கும். அதில் எழுநூறு கிலோ அளவான இந்தச் சின்னக் கார் படுகிற பாட்டை இங்கிலாந்தில் உட்கார்ந்து கிற் அடுக்குகிறவர் யோசித்திருக்க மாட்டார்.

ஒரு நல்ல விஷயம், இந்தக் காரின் முன்பக்கம் உண்மையில் ஸ்போர்ட்ஸ் காருக்கென்று செய்யப்பட்டதே இல்லை. 1958இல் முதல் ஸ்பிறைற் வந்தபோது மலிவாகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஒஸ்ரின் ஏ35இன் முன் சஸ்பென்சனையும் மொறிஸ் மைனரின் ஸ்ரியறிங் றாக்கையும் எடுத்துப் போட்டார்கள். 1961இல் வந்த மிட்ஜெற்றும் அதே அமைப்புத்தான். ஆகவே பழைய ஒஸ்ரினும் மொறிஸும் பார்த்த எந்த மெக்கானிக்குக்கும் இது புதிசு இல்லை. எனக்கு வேலை செய்யும் அண்ணை அப்படிப்பட்டவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர். புஷ் கிடைக்காவிட்டால் லொறி ரயரை வெட்டிப் புஷ் செய்தவர். போனற்றைத் திறந்து முன் சில்லுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்மட சாமான்தானே தம்பி” என்றார்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதல் மரியாதை கிங் பின்னுக்கு. சில்லைத் தாங்கும் ஸ்ரப் அக்சில் இந்தப் பின்னைச் சுற்றித்தான் திரும்புகிறது. பின்னின் அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு புரியாணி இருக்கிறது, ஃபுல்க்ரம் பின் என்பார்கள். அதன் இரண்டு முனையும், சில்லுப் பக்கத்தைக் காரோடு சேர்க்கும் கவை மாதிரிக் கையான கீழ் விஷ்போனின் இரண்டு காதுக்குள்ளும் புரியோடு நிற்கும். நடுவில் ஒரு கொட்டர் பின் அதைக் கிங் பின்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். சில்லு ஏறி இறங்கும் ஒவ்வொரு தரமும் விஷ்போனின் புரிக்குள் ஆணியின் புரி உரசுகிறது. கிறீஸ் இருக்கும்வரை பயமில்லை. கிறீஸ் காய்ந்து எங்கள் சிவப்புக் கிரவல் தூசி உள்ளே போனால் அதுவே அரம் மாதிரிப் புரியைத் தின்னத் தொடங்கும். ஆணியை மாற்றிவிடலாம், ஆனால் விஷ்போனின் புரி தேய்ந்தால் விஷ்போனையே மாற்ற வேண்டும். பலர் புது ஆணியைப் போட்டுவிட்டு ஆட்டம் ஏன் போகவில்லை என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

ஆட்டம் பார்க்கிற விதம் சுலபம். ஜக் அடித்துச் சில்லின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பெயாறிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது ஃபுல்க்ரம் பின்.

கழற்றுவதுதான் பெரிய பாடு. கொட்டர் பின் அந்த வார்ப்புக்குள் பல வருடத் துருவோடு ஒன்றாகிப் போயிருந்தது. சுத்தியலால் அடித்தால் முனை பூ விரிந்த மாதிரி மடிந்ததே தவிர அசையவில்லை. அண்ணை காஸ் ரோச்சால் சுற்றிவரச் சூடாக்கினார். வெளியே இருந்த பழைய கிறீஸ் முதலில் புகைந்து, பிறகு கொதித்து வழிந்தது. இரும்பு மங்கலான சிவப்புக்கு வந்ததும் ஒரு அடி. டொக் என்ற சத்தம் மாறியது. இரண்டாவது அடியில் நிலத்தில் விழுந்தது. மற்றப் பக்கம் அதற்கும் மசியவில்லை, துளைத்துத்தான் எடுத்தோம். ஃபுல்க்ரம் பின்னை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கப் புரி கூர் மழுங்கி வழவழவென்று இருந்தது, மற்றப் பக்கம் புதிசு மாதிரி. தேய்ந்த பக்கத்துக் கிறீஸ் நிப்பிள் அடைத்துப்போய், பல வருடமாகக் கிறீஸே உள்ளே இறங்கவில்லை.

கிற்றில் வந்த கிங் பின்கள் அருமை. அரைத்த முகம் சுத்தமாக இருந்தது, கிறீஸ் ஓடும் வாய்க்கால் ஒழுங்காக வெட்டியிருந்தது, திரஸ்ற் வொஷர் வெவ்வேறு தடிப்பில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கடைக்காரர் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. ஸ்ரப் அக்சிலில் அடித்து ஏற்றும் புஷ்களை அளவுக்கு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவி எடுக்கும் கருவி) போட்டு எடுக்க வேண்டும், மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அதற்கு நீளமான ரீமர் தேவை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விசாரித்த லேத் பட்டறைகளில் அந்த அளவில் இருக்கவில்லை. கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய ஆங்கிலக் கார் வேலை செய்யும் ஒருவரிடம் அனுப்பி எடுத்தோம். உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் ரீமர் போட்டு, கிங் பின்னோடு பூட்டி வரும் ஸ்ரப் அக்சிலையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் பெட்டியைத் திறந்த அன்றே பூட்டலாம்.

விஷ்போன் இரண்டும் புதிசாக வந்தன. பூட்ட முதல் ஃபுல்க்ரம் பின்னைக் கையால் புரியேற்றிப் பாருங்கள். கிறீஸ் தடவிய ஆணி விரலுக்குச் சற்றுத் தடை கொடுத்தபடி, பக்கவாட்டில் ஆடாமல் உள்ளே போக வேண்டும். எனக்கு வந்ததில் ஒன்று அப்படிப் போனது. மற்றதில் ஆணி புதிதிலேயே கலகலத்தது. படம் எடுத்து அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறொன்று அனுப்பினார்கள். அதற்கு நன்றி. ஆனாலும் பெட்டியில் போட முதல் இதை அவர்களே பார்த்திருக்கலாம்.

அடுத்தது விஷ்போன் முனைகளுக்குள் அதிர்வைத் தாங்கும் றப்பர் புஷ். என் கோபம் முழுக்க இங்கேதான். கிற்றில் வந்தவை கறுப்பு றப்பர், ‘ஒறிஜினல் மாதிரி’ என்று எழுதியிருந்தது. அண்ணை ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தார். “உது செருப்புக்கும் உதவாது தம்பி. போடுறதெண்டால் போடுங்கோ, மாரி முடியக் கழட்டுவம்.” சொன்னது போலவே நடந்தது. விஷ்போனின் உட்புறப் புஷ்களில் விளிம்பைச் சுற்றி வெடிப்பு. மேலே கிங் பின்னை மேல் கையோடு சேர்க்கும் ட்ரனியனுக்குள் போகும் சின்னப் புஷ்களில் ஒன்று பிய்ந்து பாதி வெளியே வந்திருந்தது. நான் கழற்றிய பழைய புஷ்கள், எந்தக் காலத்தில் போட்டதோ தெரியாது, இதைவிட நல்ல நிலையில் இருந்தன. புதிதாகச் செய்து விற்கும் பழைய கார் றப்பர்ச் சாமான்களைப் பற்றி உலகம் முழுக்க உள்ள முறைப்பாடு இது. எனக்கு மட்டும் வந்த கெட்ட காலம் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு பொலியூரித்தேன் என்ற, றப்பர் மாதிரியான செயற்கைப் பொருளில் செய்த புஷ் போட்டேன். இதில் கடினம், மென்மை என்று தரங்கள் உண்டு. பந்தயத்துக்கு விற்கும் கடினமான தரத்தை எங்கள் றோட்டுக்கு எடுக்கவே கூடாது. கிரவல் அலையின் ஒவ்வொரு வரியும் ஸ்ரியறிங் வழியாகக் கைக்கு வந்து, அங்கிருந்து பல்லுக்கு வரும். வீதிப் பாவனைக்கென்று விற்கும் மென்மையான தரத்தை எடுங்கள். விஷ்போனின் உட்புறத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, வெயிலுக்கும் எண்ணெய்க்கும் அசையவில்லை. கூட வரும் சிலிக்கன் கிறீஸைக் கஞ்சத்தனம் பண்ணாமல் பூச வேண்டும். காய்ந்தால் பழைய கட்டில் மாதிரிக் கிறீச்சிடும். மேல் ட்ரனியனுக்கு மட்டும் நான் றப்பரிலேயே நின்றுவிட்டேன், ஆனால் கிற்றில் வந்த றப்பர் இல்லை. வேறொரு கடையில் கொஞ்சம் கூட விலை கொடுத்துத் தனியாக எடுத்தது. இதுவரை நன்றாக இருக்கிறது. றப்பர் புஷ் ஏற்றும்போது சாதாரணக் கிறீஸ் பூசாதீர்கள், றப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சவர்க்காரத் தண்ணீர் போதும். எந்தப் புஷ்ஷாக இருந்தாலும் காரை ஜக்கிலிருந்து இறக்கி, பாரம் சில்லில் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுக்குப்பட்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

கொயில் ஸ்பிரிங். கிற்றில் வந்தது ஒரு அங்குலம் பதிந்த, கடினமான ஸ்பிரிங். படத்தில் பார்க்கக் கார் அழகாகக் குந்தியிருக்கும். இந்தக் காருக்கு நிலத்திலிருந்து இருக்கும் இடைவெளியே ஐந்து அங்குலம்தான். அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மழைக்குப் பின் மதகு ஒன்றைக் கடந்து பாருங்கள், சைலன்சரைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாம். நான் பூட்டவே இல்லை. பழைய ஸ்பிரிங் இரண்டையும் கழுவி, மட்டமான சீமெந்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். இரண்டும் ஒரே உயரம், எங்கும் வெடிப்பு இல்லை. துரு சுரண்டிப் பெயின்ற் அடித்துத் திரும்பவும் அதையே போட்டோம். ஒன்று உட்கார்ந்திருந்தால் ஸ்ராண்டர்ட் உயரத்தில் புதுச் சோடி வாங்குங்கள், ஒற்றையாக வாங்காதீர்கள். கொயிலின் ஒரு வளையத்தை வெட்டிப் பதிப்பது என்று சில பெடியள் செய்கிறார்கள். அதைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

ஸ்பிரிங் கழற்றுவதில் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கைத் தாங்கும் அடித்தட்டு நான்கு போல்ற்றில் நிற்கிறது, உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. எதிர் மூலைகளில் உள்ள இரண்டு போல்ற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழுநீளமும் புரி வெட்டிய நீளப் போல்ற் இரண்டைப் போடுங்கள். மற்ற இரண்டையும் கழற்றிய பிறகு, நீளப் போல்ற்றின் நற்றுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் தட்டு அமைதியாக இறங்கும். அவசரப்பட்டால் கை போகும்.

இனி லீவர் ஆம் சொக், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் சாமான். முழுக் கிற் என்று பெயர், ஆனால் காரில் மிக முக்கியமான இந்தச் சாமான் அதில் இல்லை. இப்போதைய கார்களில் உள்ள குழாய் மாதிரிச் சொக் இல்லை இது. ஆம்ஸ்ட்ரோங் செய்த ஒரு வார்ப்புப் பெட்டி, உள்ளே எண்ணெயும் பிஸ்ரனும், வெளியே ஒரு கை. முன்பக்கத்தில் அந்தக் கைதான் மேல் விஷ்போனும். ஆகவே சொக்கின் தண்டு ஆடினால் அது வெறும் சொக் பழுது இல்லை, சில்லின் மேல்முனையே ஆடுகிறது. நீங்கள் எவ்வளவு நல்ல கிங் பின் போட்டாலும் கார் நேராக ஓடாது.

சோதிக்க வேண்டுமானால் சொக்கின் கையை ட்ரனியனிலிருந்து விடுவித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். முழுத் தூரத்துக்கும் ஒரே சீரான தடை இருக்க வேண்டும். நடுவில் எங்காவது சும்மா நழுவினால் உள்ளே காற்று, அல்லது எண்ணெய் குறைவு. என்னுடையதில் இடது பக்கம் எண்ணெய் விட்டதும் உயிர் வந்தது. எஞ்சின் ஒயில் விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் கடையில் விற்கும் 20 நம்பர் ஃபோர்க் ஒயில் சரியாக வேலை செய்கிறது. விட்டுவிட்டுக் கையை மெதுவாகப் பலமுறை ஆட்டிக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். வலது பக்கத்தில் தண்டே தேய்ந்து எண்ணெய் கசிந்தது, அதற்கு எண்ணெய் விட்டுப் பிரயோசனம் இல்லை.

ரீகொண்டிஷன் சொக் ஒன்று வாங்கினேன். புஷ் செற்றை விடப் பல மடங்கு விலை, ஆனால் முழுச் செலவிலும் மனநிறைவோடு கொடுத்த காசு இதுதான். தண்டில் ஆட்டம் துளியும் இல்லை, தடை இரண்டு திசையிலும் சீர். ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. பழைய சொக்கைத் திருப்பி அனுப்பும்வரை ஒரு தொகையை வைப்பாக வைத்திருக்கிறார்கள். லண்டனில் இருப்பவருக்கு அது நியாயம். மாங்குளத்திலிருந்து அந்த வார்ப்புப் பெட்டியை அனுப்பும் தபால் செலவு வைப்புத் தொகையை விழுங்கிவிடும். வைப்பை மறந்துவிட்டுப் பழையதை நானே வைத்துக்கொண்டேன். கை, பெட்டி எல்லாம் நல்ல நிலை. தண்டுக்குப் புஷ்ஷும் ஒயில் சீலும் போட்டுக் கொடுக்கக்கூடிய லேத் வேலைக்காரர் ஒருவர் கிடைத்தால் ஒரு ஸ்பெயார் மிஞ்சும்.

சொக்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய்ச் சொக் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் கிற் விற்கிறார்கள். ஆனால் அவற்றில் பலவற்றில் முன்பக்கத்துக்குப் பழைய சொக்கின் கைதான் இன்னும் மேல் விஷ்போன். ஆகவே தேய்ந்த தண்டுப் பிரச்சினை அப்படியே இருக்க, அதன்மேல் இன்னொரு சாமானும் செலவும் ஏறுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பின்பக்கத்துக்கு இங்கிலாந்து தேவையே இல்லை. 1964க்குப் பிந்திய மிட்ஜெற்றில் பின்னுக்குச் சாதாரணப் பட்டை ஸ்பிரிங்தான். வவுனியாவில் லொறிக்கும் ட்ரக்ரருக்கும் பட்டை வளைக்கும் பட்டறைக்காரர் கழற்றி, வளைவு ஏற்றி, வெடித்திருந்த ஒரு பட்டைக்கு அளவாக வேறு பட்டை வெட்டிப் போட்டுத் தந்தார். லொறி மாதிரிக் கடினமாக்கிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாசத்தில் ஒரு பட்டை கூடச் சேர்த்துவிடுவார்கள். பட்டையின் முனையைக் காரோடு சேர்க்கும் ஷக்கிளின் புஷ்ஷுக்குப் பொலியூரித்தேன் போட்டேன், குறை இல்லை. அக்சில் கீழே தொங்கிவிடாமல் பிடிக்கும் வாரை ஆலையின் பழைய கன்வஸ் பெல்ற்றிலிருந்து வெட்டி ஓட்டை போட்டேன். கடையில் விற்பதைவிடத் தடிப்பு.

வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் அன்ரி றோல் பார் பற்றிக் கேட்காதீர்கள், என் காரில் இல்லை, தேவைப்படவும் இல்லை. எல்லாம் பூட்டிய பிறகு அலைன்மென்ற்றுக்குப் பெரிய இடம் தேட வேண்டாம். இந்தக் காரில் கேம்பரும் (சில்லின் சரிவு) காஸ்ரரும் (கிங் பின்னின் சரிவு) திருத்த வழியில்லை. சில்லுகள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்க வேண்டும், அதிகபட்சம் எட்டில் ஒரு அங்குலம். நூலும் அடிமட்டமும் ஆலை முற்றமும் போதுமானதாக இருந்தது.

இப்போது கிரவலில் எப்படி? முன்பு குழிக்குள் விழுந்தால் டொக் டொக் என்று இரண்டு சத்தம் கேட்கும், ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுக்கும். இப்போது ஒரு சத்தம்தான், அதுவும் ரயர்ச் சத்தம். மாரியில் தண்ணீருக்குள்ளால் ஓடிய பிறகு ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிறீஸ் அடிக்கிறேன், பழைய கிறீஸ் வெளியே பிதுங்கிப் புதியது வரும்வரை. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதிசு போடுங்கள், சல்லிக்காசுச் சாமான்.

கடையின் சேவை மோசமில்லை. பொதி நன்றாகக் கட்டியிருந்தது, கேட்ட கேள்விக்கு ஆள் பதில் எழுதினார். வெடித்த றப்பருக்கு மட்டும் ‘கடினமான பாவனை’ என்று ஒரு வரி எழுதிக் கைகழுவிவிட்டார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இங்கிலாந்துப் பவுணில் வாங்கும் ஒவ்வொரு வொஷரும் மனசில் குத்துகிறது, அதன்மேல் சுங்கமும் தபாலும். லண்டனில் இருந்து மச்சான் விடுமுறைக்கு வரும்போது சொக்கைப் பயணப் பொதியில் கொண்டுவந்தார். அந்தப் பாரத்துக்காக அக்காவின் சொக்லேற் குறைந்துபோன கதை இன்னும் வீட்டில் ஓடுகிறது.

அந்தப் பதிந்த கொயில் ஸ்பிரிங் சோடி பூட்டாமல், கடதாசி கூடப் பிரிக்காமல் இருக்கிறது. கொழும்பில் கார்ப்பெற் றோட்டில் மட்டும் ஓட்டுகிற யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கிய விலையில் பாதிக்குத் தருவேன். மாங்குளத்துக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், தபாலில் அனுப்புகிற எண்ணம் இல்லை.